மனத்துக்குள் ஓர் அத்திவாரம்

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் யாழ்ப்பாணத்து மண்டபங்களில் ஒரு காட்சி தவறாது. முந்நூறு, நானூறு பிள்ளைகள் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருப்பார்கள். ஒலிவாங்கியோடு ஒருவர் வருவார். "எல்லாரும் கண்ணை மூடுங்கோ. பெறுபேறு வந்திட்டுது. மூண்டும் ஏ. அம்மா சந்தோசத்தில அழுறா. இப்ப நீங்கள் வெள்ளைக் கோட்டோட ஆசுப்பத்திரி வாசலில நிக்கிறியள்..." பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கண் கலங்கும். முடிந்ததும் சிற்றுண்டிப் பொதி, பதாகைக்கு முன்னால் ஒரு குழுப்படம்.

பிள்ளை வீட்டுக்குப் போய் இரசாயனவியல் வினாத்தாளைத் திறக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. அந்த வினாத்தாளிலிருந்து வெள்ளைக் கோட்டுக்குப் போகும் வழியை மண்டபத்தில் யாரும் காட்டவில்லை.

மனத்தில் காட்சி கண்டு பயிற்சி செய்வது வெறும் பேச்சு என்று சொல்ல வரவில்லை. அது வேலை செய்கிறது. ஆய்வுகூடங்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எதைக் காண வேண்டும் என்பதில்தான் எங்கள் ஊக்கமூட்டற் பேச்சாளர்களில் பலர் பிழைவிடுகிறார்கள். அந்தப் பிழையால் பிள்ளையின் முயற்சி குறையவும் கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

பாய்வதை விடக் காத்திருப்பது அதிகம்

1958, ரோக்கியோ, மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. பெரியவிளானைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவருமான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப்பதக்கம் அதுதான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 18 வயது நிரம்பும் முன்னரே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்ந்தவர். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் போனார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. படித்தது லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், கலாநிதிப் பட்டம் பெற்றது கோர்ணெலில். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்விப் பணிக்குக் கொடுத்துவிட்டு 2024இல் தமது 89ஆவது வயதில் காலமானார்.

உயரம் பாய்தல் ஒரு விசித்திரமான போட்டி. இரண்டு மூன்று மணித்தியாலம் நீளும். ஆனால் ஒரு வீரர் உண்மையில் ஓடிப் பாயும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் உடம்பு சும்மா இருக்கும். மனம் சும்மா இராது. இன்னொன்றும் உண்டு. வென்றவர் தானாக நிறுத்திக்கொண்டாலன்றி, இந்தப் போட்டியில் எல்லாருடைய கடைசிப் பாய்ச்சலும் தோல்விதான். தங்கம் வாங்கியவரும் அடுத்த உயரத்தில் கம்பைத் தட்டிவிட்டுத்தான் மைதானத்தை விட்டு வருவார். "வெல்வேன், வெல்வேன்" என்று மட்டும் உருப்போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது தோதான விளையாட்டல்ல.

1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் முதுகுப்புறமாகக் கம்பைத் தாண்டி உலகத்தையே திகைக்கவைத்த அமெரிக்கர் டிக் பொஸ்பரி, ஓடத் தொடங்கும் முன் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்துகொண்டு நெடுநேரம் நிற்பார். பார்த்தவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவர் அந்தப் பாய்ச்சலை ஓட்டத்திலிருந்து விழுகை வரை மனத்தில் ஒருமுறை பாய்ந்துகொண்டிருந்தார். அன்று அவர் தாண்டிய உயரம் 2.24 மீற்றர், புதிய ஒலிம்பிக் சாதனை. இப்படி மனத்தில் பாய்பவர் காண வேண்டியது மேடையும் பதக்கமும் அல்ல, அடிகள்: எத்தனையாவது அடியில் வளைவு, எந்தக் காலில் உந்தல், தோள் எந்தப் பக்கம்.

சின்ன விரல் சொன்ன சாட்சி

நினைப்பதால் உடம்பில் ஏதாவது நடக்குமா? இதைச் சந்தேகித்தவர்கள் மிகச் சாதாரணமான ஓர் உறுப்பை எடுத்துச் சோதித்தார்கள், சுண்டுவிரலை. 1992இல் யூ, கோல் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு குழுவினரைச் சுண்டுவிரலைப் பக்கவாட்டில் அழுத்தி நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். இன்னொரு குழு விரலை அசைக்காமல், அசைப்பதாக முழு மூச்சோடு நினைத்தது. உண்மையில் பயிற்சி செய்தவர்களின் பலம் 30 வீதம் கூடியது. நினைத்தவர்களுக்கு 22 வீதம். தசை பெருத்ததால் வந்த பலமல்ல அது. தசைக்கு ஆணையிடும் மூளை தன் ஆணையைத் திருத்திக்கொண்டதால் வந்த பலம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அல்வாரோ பாஸ்குவல் லியோன் பியானோவை எடுத்துக்கொண்டார். வாத்தியம் பழகாதவர்களுக்கு ஐந்து விரலுக்குமான ஒரு பயிற்சி. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு குழு வாசித்தது. மற்றது வாத்தியத்துக்கு முன் இருந்துகொண்டு விரலை அசைக்காமல் வாசிப்பதாக நினைத்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு குழுவினருக்கும் ஒத்த மாற்றங்கள். கைத்திறமையில் நினைத்தவர்கள் ஓரளவு பின்தங்கினார்கள். ஆனால் ஐந்தாம் நாள் முடிவில் இரண்டே மணித்தியாலம் உண்மையில் வாசிக்க விட்டதும் ஏறக்குறையச் சமமாகிவிட்டார்கள். மனப்பயிற்சி கைப்பயிற்சியின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் கைப்பயிற்சி சீக்கிரம் ஊன்றுவதற்கு நிலத்தைப் பண்படுத்தி வைக்கும்.

இந்தச் செய்தி எங்கள் பள்ளிக்கூட மைதானங்களுக்கு மிகவும் பயன்படும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் உருவாகி, பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரனின் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம், கோலைப் பெட்டிக்குள் ஊன்றல், கால்களை மேலே எறிதல், உடலைத் திருப்பல், கோலை விடுதல்: எல்லாம் சில விநாடிகளுக்குள் முடிய வேண்டும். ஒரு நாளில் எத்தனை தரம்தான் பாய முடியும்? தோளும் முழங்காலும் எல்லை போட்டுவிடும். மாரியில் மைதானத்தில் வெள்ளம் நிற்கும். காயம் பட்டால் வாரக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். இத்தகைய வேளைகளில் மனத்தில் பாய்ந்து பார்ப்பதற்குச் செலவுமில்லை, வலியுமில்லை.

ஆனால் சரியாகப் பாய வேண்டும். வேகத்தைக் கூட்டக்கூடாது. நடப்பதாக நினைப்பதற்கு ஒருவர் எடுக்கும் நேரமும் உண்மையில் நடக்க எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று என்று 1989இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜோன் டெசற்றியின் குழு காட்டியது. மனத்தின் பயிற்சிக்கும் மணிக்கூடு உண்டு. நாலு விநாடி ஓட்டத்தை அரை விநாடியில் நினைத்து முடிக்கும் பிள்ளை பகற்கனவு காண்கிறது.

இரண்டு மாதிரி நினைப்பு

எதிர்வீரசிங்கம் படித்த அதே லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில், அவர் பாய்ந்து நாலு தசாப்தங்களுக்குப் பிறகு ஒரு பரிசோதனை நடந்தது. உளவியலாளர் ஷெல்லி ரெய்லரும் லியன் பாமும் செய்தது, 1999இல் வெளியானது. பரீட்சைக்கு இருக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர், பெறுபேற்றுப் பலகையில் தங்களுக்கு உயர்ந்த புள்ளி போட்டிருப்பதாக நாளுக்கு ஐந்து நிமிடம் நினைத்தார்கள். கிட்டத்தட்ட எங்கள் மண்டபத்துப் பிள்ளைகள் போலத்தான். இன்னொரு பகுதியினர், அந்தப் புள்ளிக்காகத் தாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்று நினைத்தார்கள்: எங்கே இருந்து, எந்தப் பாடத்தை, வானொலியை நிறுத்திவிட்டு, கூட்டாளி கூப்பிட்டால் மறுத்து. இரண்டாமவர்கள் கூடுதல் நேரம் படித்தார்கள், கூடுதல் புள்ளியும் எடுத்தார்கள். பெறுபேற்றை மட்டும் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

ஜெர்மன் உளவியலாளர் கபிரியேல ஊற்றிங்கன் இதை இன்னும் ஆழமாகக் கிண்டினார். உடல் எடையைக் குறைக்க வந்த பெண்களை அவரும் தோமஸ் வாடனும் ஓராண்டு பின்தொடர்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். "என்னால் முடியும்" என்று நம்பியவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் மெலிந்து அழகாக நிற்பதாக இனிய கற்பனையில் திளைத்தவர்களுக்குக் குறைந்தது கொஞ்சம்தான். நம்பிக்கை வேறு, கற்பனைச் சுகம் வேறு என்று பிரித்துக் காட்டியதுதான் அந்த ஆய்வின் பெறுமதி. பின்னர் ஊற்றிங்கனும் சகாக்களும் செய்த பரிசோதனைகளில், இனிய கற்பனைக்குப் பிறகு ஆட்களின் இரத்த அழுத்தம்கூடத் தணிவதைக் கண்டார்கள். மனம் "வேலை முடிந்தது" என்று ஆறிப்போகிறது. மண்டபத்தில் புல்லாங்குழல் கேட்டுக் கண் கலங்கிய பிள்ளை அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்வதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ஊற்றிங்கன் சொல்லும் மாற்று வழி எளிது. விருப்பத்தை நினை, உடனே அதற்குக் குறுக்கே உன்னிடத்தில் நிற்பது என்ன என்று நினை, அது வந்தால் என்ன செய்வாய் என்று முடிவெடு. கடைசிப் படி அவருடைய கணவரும் உளவியலாளருமான பீற்றர் கொல்விற்சரின் ஆய்விலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு நல்ல கூட்டுத்தாபனம்!

இதற்கு நீச்சற் குளத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 2008 பீஜிங் ஒலிம்பிக், 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சல். மைக்கல் பெல்ப்ஸ் குதித்ததும் அவருடைய நீச்சற் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசி நீளத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்திச் சுவரைத் தொட்டார். நேரம் 1 நிமிடம் 52.03 விநாடி, உலக சாதனை. அவரும் பயிற்றுவிப்பாளர் பொப் போமனும் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த மனப்பயிற்சியில் நல்லபடி போகும் நீச்சல் மட்டுமல்ல, எல்லாம் பிழைக்கும் நீச்சலும் இருந்தது. அதனால் கண் மறைத்தபோது அவர் புதிய இடத்துக்கு வந்து நிற்கவில்லை.

நின்றவூர்க்காரர்

இவ்வளவையும் கலிபோர்னியாவிலும் ஜெர்மனியிலும் தேட வேண்டியதில்லை. சைவநெறிப் புத்தகத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற கதைதான். சேக்கிழார் பாடி, 1852இல் ஆறுமுக நாவலர் வசனமாக்கி அச்சிட்ட பெரியபுராணத்தில் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் இருக்கிறார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை, மனத்திலேயே கட்டினார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கட்டினார் என்பதைத்தான் நாங்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

மனத்தில் கட்டுகிறவருக்கு என்ன தட்டுப்பாடு? கண்ணை மூடியதும் பொற்குவியல் வந்து விழுந்ததாக நினைத்திருக்கலாம். பூசலார் அப்படிச் செய்யவில்லை. மனத்தில்கூடத் தினையளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகத்தான் பொருள் சேர்த்தார். பிறகு தளபாடம் தேடினார், தச்சரைத் தேடினார். ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அத்திவாரம் போட்டார். இரவிலும் கண் துஞ்சவில்லை. அடியிலிருந்து சிகரம் வரை வரிசையாக, அளவு பிசகாமல் ஏற்றினார். சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் விடவில்லை. முக்கியமாக, அதற்கு நெடுநாள் எடுத்தார். குடமுழுக்கு நாள் குறித்தது எல்லாம் முடிந்த பிறகுதான். காடவ மன்னன் காஞ்சியில் கல்லாற் கட்டிய கோயிலுக்கும் அதே நாள் அமைந்ததும், இறைவன் கனவில் வந்து மன்னனை நாளைத் தள்ளிவைக்கச் சொன்னதும் தெரிந்த கதை.

சேக்கிழார் பக்தியைப் பாட வந்தவர். விளையாட்டு உளவியல் எழுத வந்தவரல்லர். ஆனாலும் படிப்படியாக, உண்மை வேகத்தில், சிரமத்தையும் சேர்த்து நினைப்பதென்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான விவரிப்பைத் தமிழில் நான் காணவில்லை. எங்கள் பேச்சாளர்கள் பிள்ளைகளை நேரே குடமுழுக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். பூசலார் அத்திவாரத்திலிருந்து தொடங்கினார்.

கலையிலும் இந்த முறை எங்களிடம் வாழ்கிறது. தெட்சணாமூர்த்தி என்ற தவில் மேதையைத் தந்த மண் இது. இணுவிலிலும் அளவெட்டியிலும் பிள்ளை தவிலைத் தோளில் மாட்டும் முன்னரே சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டுப் பழகும். கோயில் வீதியில் இரண்டு தவிற்காரர் மாறிமாறி வாசிக்கும்போது, ஒருவர் வாசிக்க மற்றவர் முகத்தைப் பாருங்கள். அவர் ஓய்வெடுக்கவில்லை, தன் முறை வரும்போது வைக்கப்போகும் தீர்மானத்தின் கணக்கை உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருப்பார். கைதட்டலைக் கற்பனை செய்துகொண்டிருந்தால் சமத்தில் வந்து விழ முடியாது.

கடல் கேட்கும் விலை

நம்பிக்கைப் பேச்சைத் தமிழில் பரவலாக்கியதில் எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. சோர்ந்திருந்த எத்தனையோ இளைஞரை நிமிர வைத்த புத்தகம். அதன் வழிவந்தவர்கள் பலர் அதிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: நினைத்தால் நடக்கும். இதற்கு ஒரு கொடூரமான மறுபக்கம் இருக்கிறது. நடக்காவிட்டால், நீ சரியாக நினைக்கவில்லை.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முன், 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வடமராட்சிக்கு வழிகாட்டியிருந்தார். 1971இல் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார், 51 மணித்தியாலம். 1980இல் கொழும்பில் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் ஏழு சாதனைகள். அந்த மனிதருக்கு மனவலிமை போதாது என்று யார் சொல்வது? 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். வயது 41. பாக்கு நீரிணையின் நீர் உடம்புக்கு இதமான சூடு. ஆங்கிலக் கால்வாய் ஓகஸ்டிலும் 18 பாகை செல்சியசுக்கு மேலே ஏறுவது அரிது. குளிர்ந்த கடலும் காற்றும் யாருடைய எண்ணத்தையும் கேட்டு நடப்பதில்லை. அவருடைய பெயரை ஊக்கமூட்டற் பேச்சில் எடுப்பவர்கள் கால்வாயை விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு மரியாதை.

பரீட்சைக் கதையும் இப்படித்தான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வெட்டுப்புள்ளி அந்தந்த ஆண்டு போட்டியைப் பொறுத்தது. ஒரு மண்டபத்தில் நானூறு பேரும் வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் மருத்துவபீடத்தில் ஓர் இடம்கூடக் கூடப்போவதில்லை. கூடாத இடத்துக்குப் பிள்ளையின் நம்பிக்கைக் குறைவைக் காரணம் காட்டுவது அநியாயம்.

இன்னொரு விஷயத்தை இந்த ஊரில் யாரும் மறக்கக்கூடாது. "கண்ணை மூடு, காட்சியைப் பார்" என்பது எல்லாருக்கும் பாதுகாப்பான கட்டளையல்ல. ஷெல்லடியையும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வையும் கண்டவர்களுக்குக் கண்ணை மூடினால் அழைக்காத காட்சிகளே முந்திக்கொண்டு வரும். மனக்காட்சிக்கு உடம்பைப் பிடித்து உலுக்கும் பலம் உண்டு என்பதற்குப் போரின் நினைவுகளே பெரிய சாட்சி. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 'மனவடு' நூலை எழுதியவர், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, மந்திர உச்சாடனம் போன்ற எங்கள் மரபிலிருந்த சாந்த வழிமுறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தினார். முதலில் உடம்பை அமைதிப்படுத்தல். பிறகுதான் மனத்தோடு பேச்சு. நானூறு பேரை ஒரே நேரத்தில் கண் மூடவைக்கும் ஒலிவாங்கிக்காரருக்கு இந்த நிதானம் கிடையாது. தவிர, மனத்தில் படமே தோன்றாத மனிதர்களும் இருக்கிறார்கள். 2015இல் நரம்பியலாளர் அடம் சீமன் அதற்குப் பெயரே வைத்தார். அப்படிப்பட்ட பிள்ளை பக்கத்துக் கதிரையில் அழுகிற கூட்டாளியைப் பார்த்துத் தனக்கு ஏதோ குறை என்று நினைக்கும். குறையில்லை. படம் வராவிட்டால் கையின் அசைவை உணரலாம், வாயால் படிகளைச் சொல்லிப் பார்க்கலாம், தவில் பழகும் பிள்ளை போல.

அப்படியானால் பரீட்சைக்குப் போகும் பிள்ளை எதை நினைக்கலாம்? கண்ணைத் திறந்துகொண்டே, மேசையில், பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நினைக்கலாம். மண்டபத்துக்குள் போகிறேன். சுட்டிலக்கம் ஒட்டிய மேசையைத் தேடுகிறேன். வாசிப்பதற்குத் தந்த மேலதிக 10 நிமிடத்தில் எந்த வினாக்களைத் தெரிகிறேன்? மூன்றாவது வினா நான் படித்த மாதிரி இல்லை, நெஞ்சு அடிக்கிறது. பேனையை வைக்கிறேன், மூன்று முறை மூச்சை இழுத்து விடுகிறேன், தெரிந்த உபபகுதியிலிருந்து எழுதத் தொடங்குகிறேன். பக்கத்திலிருப்பவர் மேலதிகத் தாள் கேட்கிறார். நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன், அவரையல்ல. இவ்வளவுக்கும் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரம் படிக்கத்தான் வேண்டும்.

அடுத்த கருத்தரங்குக்கு அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஒலிவாங்கியை வெளியூர்ப் பேச்சாளரிடம் கொடுக்காமல் இரசாயனவியல் ரீச்சரிடம் கொடுங்கள். போன வருடம் எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே இடறினார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த இடறலை மண்டபத்திலேயே ஒருமுறை நடத்திப் பார்க்கட்டும். பேச்சாளருக்கு ஒதுக்கிய பணத்தில் கடந்தகால வினாத்தாள்களை நிழற்பிரதி எடுத்து, சிற்றுண்டிப் பொதியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். புல்லாங்குழல் வேண்டுமென்றால் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.